குறையுள்ள மாடல் கிட்டோடு மல்லுக்கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கராஜில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஐந்தாறு பேர் கூடி, பெட்டியில் பாகங்களாக வரும் கிட்களை ஒட்டிப் பிளாஸ்டிக் மாடல்களைச் செய்வது பல ஆண்டுப் பழக்கம். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. பெரும்பாலானவை ஒரே வகைக் கிட்டைப் பற்றியவை: பாதிகள் ஒன்றோடொன்று சேராத, கண்ணாடிப் பாகம் (தெளிந்த பிளாஸ்டிக்தான்) மங்கிய, டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) பழுத்துப்போன, வழிகாட்டித் தாளே தவறாகச் சொல்கிற கிட். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் பொருந்தாத இரண்டு துண்டுகளைப் பொருத்துவது எனக்குப் பழகிய வேலை. ஒரே பதிலை நாற்பதாவது முறையாகச் சொல்வதுதான் இன்னும் பழகவில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

உதாரணத்துக்குப் பல இடங்களில் 1/72 அளவிலான, அதாவது உண்மையில் 72-இல் ஒரு பங்கான, ஒரு சண்டர்லாண்ட் பறக்கும் படகையே (தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம்) எடுத்துக்கொள்கிறேன். அதோடு நான் மூன்று ஆண்டுகள் போராடினேன். தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35-ஆம் அணி 1957 வரை டர்பன் துறைமுகத்தின் காங்கெல்லா பகுதியிலிருந்து உண்மையான சண்டர்லாண்டுகளை இயக்கியது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தையார் அவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்புவதைப் பற்றி அடிக்கடி பேசுவார். அந்தக் கிட்டை நான் தூக்கி எறியாததற்கு அது ஒன்றே காரணம்.

எந்தக் கிட்டிலும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தானே செய்யும்? நீங்கள் எதைப் பிழையான கிட் என்கிறீர்கள்?

இருக்கத்தான் செய்யும். நான் குறைகளை மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதலாவது வார்ப்புக் குறை. உருகிய பாலிஸ்டைரீன் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. அச்சின் இரு பாதிகள் இறுக மூடாவிட்டால் ஓரங்களில் பிசிறு வரும், பிளாஸ்டிக் கடைசி மூலைவரை போய்ச் சேராவிட்டால் பாகம் முனை மழுங்கிப் பிறக்கும், தடிப்பான இடம் மெதுவாகக் குளிர்ந்து உள்ளுக்குள் சுருங்கினால் மேற்பரப்பில் குழி விழும். இரண்டாவது வடிவக் குறை. அச்சைச் செய்தவரே அளவைத் தவறாக எடுத்திருப்பார். அந்தத் தவறு எல்லாப் பெட்டியிலும் அச்சுப் பிசகாமல் இருக்கும். மூன்றாவது, நம் கை செய்த குறை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதி எரிச்சல் வருகிறது. வார்ப்புக் குறை இருந்தால் பெட்டியை மாற்றிக் கேட்கலாம். வடிவக் குறைக்கு வேறு பெட்டி வாங்கினாலும் அதே மூக்கு அதே கோணலோடுதான் வரும். மூன்றாவது வகையைக் கிட்டின் மீது போட்டுவிட்டுப் புதுக் கிட் வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கத்தியை எடுக்காதீர்கள். பாகங்கள் ஸ்ப்ரூவில், அதாவது அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில், இருக்கும்போதே வழிகாட்டித் தாளில் உள்ள படத்தோடு ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். மெலிந்த பாகங்களின் முனைகளையும் கண்ணாடிப் பாகங்களையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். டீக்கால் தாளில் வெள்ளை அச்சுக்கும் மேலே அச்சிட்ட நிறத்துக்கும் இடையே விலகல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். அடுத்த கேள்விக்கு அது உதவும்.

அதன் பிறகு இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஸ்ப்ரூவை அப்படியே கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் பொருள் மேலே ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு அதைப் பெயிண்டின் குற்றம் என்போம்.

ஒரு பாகமே இல்லை, இன்னொன்று பாதிதான் வார்ந்திருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருவாரா, ஐயா?

தென்னாப்பிரிக்கக் கடையில் வாங்கியிருந்தால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, தரக் குறைவான பொருளைக் கையில் கிடைத்த 6 மாதங்களுக்குள் விற்பவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. ஆனால் விற்கும்போதே "இதில் இன்ன பாகம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறையைப் பிறகு கிளப்ப முடியாது. தன் அலமாரியைக் காலி செய்யும் தனிமனிதரிடம் பழைய கிட் வாங்கினாலும் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

உள்நாட்டுக் கடையின் இணையதளத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி பொருள் கிடைத்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. எந்த வழியில் போனாலும் பாகங்களை வெட்டி ஒட்டிய பிறகு வாதாடுவது கடினம். முந்தைய பதிலில் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கதை வேறு. 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பெட்டியைத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு கிட்டின் விலையைத் தாண்டிவிடும். கடைக்காரரை விட்டுவிட்டுத் தயாரிப்பாளருக்கே பாக எண்ணையும் படத்தையும் அனுப்பிக் கேளுங்கள். உதிரிப் பாகம் அனுப்பும் வழக்கம் பல தயாரிப்பாளர்களிடம் உண்டு.

பெட்டி புத்தம் புதிது, உள்ளே இருப்பதோ என் அப்பா காலத்து மாடல் மாதிரி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது; இந்தத் தொழிலின் இயல்பு அது. எஃகு அச்சு செய்வது பெருஞ்செலவு, ஆனால் அது பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆகவே ஒரு நிறுவனம் செய்த அச்சு கைமாறி இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் வரும். 1970-களில் மேட்ச்பாக்ஸ் வெளியிட்ட கிட்களில் பல, பின்னாளில் ரெவெல் பெட்டிகளில் வந்ததை இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் அறிவார்கள். பெட்டிப் படமும் டீக்காலும் புதிதாகும். பிளாஸ்டிக் பழையதாகவே இருக்கும்.

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தகட்டு இணைப்புக் கோடுகள் உள்ளே குழிந்திருக்காமல் மேலே புடைத்திருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு. ஆணித்தலைகள் வேர்க்குரு போல உடம்பெல்லாம் எழும்பியிருந்தாலும் அப்படித்தான். இறக்கையின் உட்புறத்தில் ஆண்டு பொறித்திருந்தால் அதையும் பாருங்கள். குழிந்த கோடு என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள்: 1/72 அளவில் 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு உண்மை விமானத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வாய்க்காலாகிவிடும்.

உடற்பகுதியின் இரண்டு பாதிகளில் ஒன்று வளைந்திருக்கிறது. மூக்கைச் சேர்த்தால் வால் பிரிகிறது, வாலைச் சேர்த்தால் மூக்கு பிரிகிறது.

என் சண்டர்லாண்டின் கதையே இதுதான். உண்மை விமானத்தின் நீளம் சுமார் 26 மீட்டர். 1/72-இல் 36 சென்டிமீட்டர். அவ்வளவு நீளப் பாதி ஒன்று பெட்டிக்குள் பல ஆண்டுகள் நசுங்கிக் கிடந்தால் வளையாமல் இருக்காது. கொதித்து இறக்கிய தண்ணீரில் வளைந்த இடத்தை மட்டும் சில நொடிகள் காட்டி, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே வளைத்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் குளிரவையுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். அதனால் வெறும் வெந்நீர்க் குழாய்த் தண்ணீர் போதாது. அடுப்பு நெருப்பு மிக அதிகம். நான்கைந்து முறை பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அப்படியும் மீதி வளைவு இருந்தால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்டக் கூடாது. பொருத்துமுளைகள் தவறான இடத்தில் இருந்துகொண்டு பாதிகளைத் தள்ளக்கூடும்; சந்தேகம் வந்தால் அவற்றை வெட்டிவிடுங்கள், அவை போனால் ஒன்றும் குடி முழுகாது. கண்ணில் அதிகம் படும் இடத்தில், பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில், ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் நேராக வைத்து ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த ஐந்து சென்டிமீட்டருக்கு நகருங்கள். விலகல் அனைத்தையும் வயிற்றுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போனால் கடைசியில் அரமும் உப்புத்தாளும் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கும். எனக்கு இது பதினொரு நாள் எடுத்தது.

இறக்கை சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பட்டி வைத்து அடைத்துவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது 1/72-இல் 7.2 சென்டிமீட்டர், கை நுழையும் இடைவெளி. இடைவெளி எதனால் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். உடற்பகுதி ஒடுங்கியிருப்பதால் வந்ததென்றால், வெட்டி எறிந்த ஸ்ப்ரூவிலிருந்து ஒரு துண்டை அளந்து வெட்டி, உடற்பகுதிக்குள்ளே குறுக்குக் கட்டையாக வைத்துப் பக்கங்களை வெளியே தள்ளுங்கள். சண்டர்லாண்டில் பாதி இடைவெளி இப்படியே மூடிக்கொண்டது. இறக்கையின் அடிப்பகுதி கோணலாக இருப்பதால் வந்ததென்றால் சிறிது சிறிதாக அராவ வேண்டும். ஒவ்வொரு முறையும் இறக்கை மேல்நோக்கி எழும் கோணம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று எதிரே நின்று பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி மாடல் சிமெண்ட் என்ற பிளாஸ்டிக் பசையால் ஒட்டி, காய்ந்ததும் மட்டமாக வெட்டுங்கள். சிமெண்ட் இரு பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் அந்த இடம் உடற்பகுதி அளவுக்கே உறுதியாகும். பட்டி கடைசியாக, மயிரிழைக் கோட்டை நிரப்ப மட்டும். பட்டியால் கட்டிய சேர்க்கை, மாடலைத் தூக்கும்போது இறக்கை நெளிந்தவுடன் விரிசல் விட்டுவிடும்.

பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடி குழி. எத்தனை முறைதான் வைப்பது?

குழாயில் வரும் சாதாரணப் பட்டி கரைப்பான் ஆவியாவதால் இறுகுகிறது. ஆவியானதன் அளவுக்கு அது சுருங்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்; அப்போதே தேய்த்து மட்டமாக்கினால் பிறகு உள்ளே காயும்போது இறங்கிவிடும். மெல்லிய படலமாக வைத்து, ஒரு இரவு காயவிட்டு, அடுத்த படலம் வையுங்கள். பெரிய பள்ளத்துக்கு இரண்டு பகுதிகளைப் பிசைந்து வைக்கும் எபாக்சிப் பட்டி நல்லது. கரைப்பான் இல்லாததால் அது சுருங்குவதில்லை, இறுகுமுன் ஈர விரலால் வழித்தே ஓரத்தைச் சரிசெய்யலாம்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. அதே கிட்டின் ஸ்ப்ரூத் துண்டுகளை மாடல் சிமெண்டில் ஊறவைத்தால் கூழாகும். அந்தக் கூழ் காய்ந்தால் அதே பிளாஸ்டிக், ஆனால் காய ஒரு வாரம்கூட ஆகலாம். சூப்பர் குளூவில் டால்கம் பவுடரைக் குழைத்து வைப்பது விரைவான வழி. ஓரிரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், உப்புத்தாள் பக்கத்தையெல்லாம் தின்றுவிட்டு அதை மட்டும் மேடாக விட்டுவிடும். எங்களில் ஒருவர் பவுடர் தீர்ந்துபோய் பூஜை அலமாரியிலிருந்து விபூதியை எடுத்துக் கலந்தார். சாம்பலின் காரத்தன்மையால் பசை குழைப்பதற்குள்ளேயே புகைந்து கல்லாகிவிட்டது, குச்சியோடு சேர்த்து. சமையல் சோடாவும் அப்படித்தான் செய்யும்.

வட்ட வட்டமாகச் சில தழும்புகள் இருக்கின்றனவே, அவையும் குழிதானா?

அவை அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளின் தடங்கள். குழிந்தும் இருக்கும், சில இடங்களில் மேடாகவும் இருக்கும். மேடென்றால் கூர்மையான பிளேடால் சுரண்டினால் போதும். குழியென்றால் மேலே சொன்ன முறைகளில் ஏதாவது ஒன்று. ஒட்டிய பிறகு கண்ணில் படாத இடமென்றால் விட்டுவிடுங்கள். இறக்கையின் உட்புறத் தழும்பை இரண்டு நாள் தேய்த்தவரை எனக்குத் தெரியும்.

முன்கண்ணாடி உடற்பகுதியைவிட அகலமாக இருக்கிறது. போதாக்குறைக்கு மங்கலாகவும் இருக்கிறது.

மங்கலைச் சரிசெய்யலாம். மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் நுண்ணியதற்கு மாறிக்கொண்டே தேய்த்து, கடைசியில் மெருகுக் குழம்பால், அது இல்லையென்றால் வெள்ளைப் பற்பசையால் துடையுங்கள். பிறகு தரைக்கு மெருகூட்டும் தெளிந்த அக்ரிலிக் திரவத்தில் முக்கி, அடியில் தேங்கும் துளியைத் தாளின் ஓரத்தால் உறிஞ்சி, தூசி படாமல் கிண்ணத்தால் மூடிக் காயவையுங்கள். கண்ணாடிப் பாகத்தருகே சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும், டர்பனின் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், மிஞ்சியதை ஈரத்துணியால் துடைக்கலாம்.

அகலத்தைக் குறைப்பது நடவாத காரியம். கண்ணாடிப் பாகம் எளிதில் விரிசல் விடும் தன்மையுள்ளது; அழுத்தி நெருக்கினால் உடையும். ஆகவே உடற்பகுதியை அகலமாக்குங்கள்: இறக்கைக் கேள்வியில் சொன்ன குறுக்குக் கட்டையை இங்கேயும் வைக்கலாம். இதனால்தான் உடற்பகுதியை ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடியை மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். எல்லாரும் கடைசியில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

டீக்கால் மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் போட்டால் தூள் தூளாகவும் உடைகிறது.

இரண்டும் வயதின் கோளாறு. மஞ்சளுக்கு மருந்து வெயில். டீக்கால் தாளைத் தெளிந்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, அச்சிட்ட பக்கம் வெளியே பார்க்குமாறு ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டி ஓரிரு வாரம் விடுங்கள். இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் இதைத் தெற்கு பார்த்த ஜன்னலில் ஒட்டச் சொல்வார்கள். நமக்கு வடக்கு பார்த்த ஜன்னல். ஒருவர் ஒரு மாதம் தெற்கு ஜன்னலில் ஒட்டிவைத்துவிட்டு "பலனில்லை" என்று வந்தார்.

உடையும் டீக்காலைத் தண்ணீரில் போடுவதற்கு முன் தெளிந்த வார்னிஷை மெல்லிய படலமாக இரு முறை தெளித்துக் காயவிடுங்கள். இப்போது தாள் முழுவதும் ஒரே படலமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். தேவையில்லாத ஒரு துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

சின்னத்தின் நடுவட்டம் ஒரு பக்கமாக விலகி அச்சாகியிருக்கிறது. போகட்டும் என்று ஒட்டிவிடலாமா?

ஒட்டினால் விமானம் மாறுகண் கொண்டது போல இருக்கும். வட்டச் சின்னமென்றால் நடுவட்டத்தை மட்டும் பெயிண்டால் மறைத்து வரையலாம், அல்லது வேறு தாளிலிருந்து வட்டமாக வெட்டி மேலே வைக்கலாம். இங்குள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்னாப்பிரிக்க விமானப்படை, பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் இருந்த சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தைப் பயன்படுத்தியது. கோணலான சிவப்பை ஆரஞ்சால் மூடியபோது என் தவறு சரியானதோடு சரித்திரமும் சரியானது.

பட்டியல், பாக எண் எல்லாம் சரி. வழிகாட்டித் தாள் சொன்னபடி செய்தேன், அடுத்த பாகம் உள்ளே போகவில்லை.

தாளின் வரிசை கட்டளையல்ல. ஒரே பாகத்துக்கு இரண்டு எண், இடது வலது மாறிய அம்பு, கடைசிப் படியில்தான் ஒட்ட வேண்டிய மெலிந்த கம்பியை முதல் படியிலேயே ஒட்டச் சொல்வது என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். முழுத் தாளையும் ஒருமுறை படித்துவிட்டு, பென்சிலால் உங்கள் சொந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். தாளின் படத்துக்கும் உண்மை விமானத்தின் புகைப்படத்துக்கும் முரண்பாடு வந்தால் புகைப்படத்தை நம்புங்கள். அந்தப் புகைப்படம் அருங்காட்சியகத்தில் புதுப்பித்த விமானத்தினுடையது என்றால் அதையும் பாதிதான் நம்புங்கள்.

மாடலின் அளவே தவறு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நானே எப்படிச் சரிபார்ப்பது?

வகுத்தல் தெரிந்தால் போதும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் முதல் வகைக்கு இறக்கை முனையிலிருந்து முனைவரை 11.23 மீட்டர், உடல் நீளம் 9.12 மீட்டர். 72-ஆல் வகுத்தால் முறையே 156 மில்லிமீட்டர், 127 மில்லிமீட்டர். 48-ஆல் வகுத்தால் 234, 190. வெர்னியர் காலிப்பரையோ நல்ல அளவுகோலையோ வைத்து ஸ்ப்ரூவிலேயே அளந்து பாருங்கள். 1/72 என்ற எண்ணே ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்ற பிரிட்டிஷ் கணக்கிலிருந்து வந்தது. ஆகவே பழைய வரைபடங்கள் அடியில் இருக்கும், மாற்றும்போது பிசகிவிடாதீர்கள்.

நீளமும் அகலமும் சரியாக இருந்தும் மாடல் தவறாகத் தெரியலாம். மூக்கின் வளைவு, கண்ணாடியின் உயரம், சக்கரக் காலின் சாய்வு ஆகியவற்றில் வரும் தவறை அளவுகோல் காட்டாது, கண் உடனே காட்டிவிடும். மறுபக்கம், இறக்கையில் இரண்டு மில்லிமீட்டர் குறைவு என்பதற்காக ஒரு கிட்டையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் சரியான அளவுள்ள இன்னொன்றை வைக்காதவரை அந்த இரண்டு மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. நான் வடிவத் தவறில் ஒன்றை மட்டும் திருத்துவேன்: மூன்றடி தூரத்திலிருந்து எனக்குத் தெரிவதை.

குறையைச் சரிசெய்ய ரெசின் என்னும் வேறு வகைப் பிளாஸ்டிக்கில் பாகங்கள் விற்கிறார்களே, வாங்கலாமா?

விலையைக் கூட்டிப் பாருங்கள். திருத்த மூக்கு, திருத்த சக்கரம், புதிய டீக்கால் என்று சேர்த்தால் நல்ல கிட் ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அந்தப் பாகம் எந்தக் கிட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் உடற்பகுதிக்குச் செய்த மூக்கு உங்களுடையதில் பொருந்தாது. ஒரு குறையை நீக்க இரண்டு குறையை விலைக்கு வாங்கியதாகும்.

ரெசினுக்குத் தனிக் குறைகளும் உண்டு. ரப்பர் அச்சில் வார்ப்பதால் காற்றுக் குமிழ்கள் வரும், அச்சு தேயத் தேய விவரம் மழுங்கும். வளைந்திருந்தால் பாலிஸ்டைரீனைவிட எளிதாக வெந்நீரில் நிமிரும். மாடல் சிமெண்ட் ரெசினைக் கரைக்காது, சூப்பர் குளூ அல்லது எபாக்சிதான் வேண்டும். தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். இதில் விளையாட வேண்டாம்.

எல்லாம் முடிந்து மங்கல் வார்னிஷ் அடித்தேன், விமானம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. இது எந்த வகைக் குறை?

மூன்றாவது வகை, அதாவது உங்களுடையது. ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் காற்று தண்ணீர் சொட்டும். அந்த ஈரத்தில் தெளித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். பதற வேண்டாம். காற்று உலர்ந்த ஒரு நாளில் மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு படலம் அடித்தால் பெரும்பாலும் வெள்ளை மறையும். பிறகு மங்கல் வார்னிஷை மெல்லியதாக மறுபடி அடியுங்கள். மின்வெட்டு அட்டவணை இருக்கும் நாட்களில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி இறக்கைக்குப் பெயிண்ட் தெளித்தபோது கம்ப்ரெஸர் நின்றுபோன அனுபவம் எங்கள் எல்லாருக்கும் உண்டு.

ஐயா, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. முதல் கிட்டே இப்படி அமைந்துவிட்டது, அழுகிறான். நானே முடித்துக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம். என் தங்கை மகனுக்கு நான் ஒருமுறை அப்படிச் செய்துகொடுத்தேன். மாடல் நன்றாகத்தான் வந்தது. "நன்றி மாமா" என்று வாங்கிக்கொண்டு போனவன் இரண்டு மாதம் கராஜ் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

அந்தக் கிட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அண்மைக்கால அச்சில் வந்த, ஒற்றை எஞ்சினுள்ள சிறிய 1/72 விமானம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். தவறு கிட்டினுடையது, அவன் கையினுடையது அல்ல என்பது இரண்டாவது மாடல் பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிடும். பழைய கிட் வீணாகாது: பட்டி வைத்துப் பழக, ஏர்பிரஷ் பிடித்துப் பழக, டீக்கால் ஒட்டிப் பழக அதைவிட நல்ல பலகை கிடைக்காது. பிளேடை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கட்டத்தில் ஒரு கிட்டைக் கைவிடலாம்?

பசை தொடுவதற்கு முன். பெரிய பாகங்களை மட்டும் வெட்டி, ஒட்டாமல், மறைப்பு நாடாவால் கட்டி முழு விமானத்தையும் நிறுத்திப் பாருங்கள். பிறகு என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டி, அதில் ஒன்றைக்கூடச் செய்ய உங்களுக்கு ஆசையே இல்லையென்றால் நாடாவை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சக்கரங்கள், விமானி, எஞ்சின் எல்லாம் வேறொரு மாடலுக்கு உதிரியாகும்.

பாதி வழியில் நின்றவர்களுக்கு என் யோசனை வேறு. கோபத்தோடு ஒட்டாதீர்கள், ஆறு மாதம் கண்ணில் படாமல் வையுங்கள். என் சண்டர்லாண்ட் மூன்று ஆண்டில் வேலைமேசையில் இருந்தது ஏழு மாதம்தான். மீதிக் காலம் துணி அலமாரிக்கு மேலே.

முடித்த மாடலில் நான் மறைத்த குறை எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா?

கேட்டால் சொல்லுங்கள். கேட்காதவரிடம் விரலை நீட்டிக் காட்டாதீர்கள். காட்டிய பிறகு அவருக்கு வேறெதுவும் தெரியாது. சண்டர்லாண்டின் இடது இறக்கையடி மிதவை வலதைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அராவியது நான், அதனால் அது மூன்றாவது வகை. மாடல் வரவேற்பறை அலமாரியில் வலப்பக்கம் தெரியுமாறு, இடது இறக்கை சுவரை ஒட்டி நிற்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு முதியவர் சென்ற மாதம் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது காங்கெல்லாவில் நின்றதுதானே" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.